இரத்தம் சொல்லும் சாட்சி: நாயின் இதய வால்வும் நானூறு ஆண்டு வரலாறும்



மன்னர், ஒப்பந்தம், போர், விடுதலை என்று படித்துப் பழகிய நமக்கு, ஒரு கிழட்டு நாயின் இதயமும் அதன் ஒரு துளி இரத்தமும் வரலாற்றுப் பாடமாகுமா என்று தோன்றலாம். ஆகும். வரலாற்றுத் தேர்வில் உங்களிடம் எதிர்பார்ப்பது ஆண்டுகளை ஒப்பிப்பது மட்டும் இல்லை. ஓர் ஆதாரத்தைக் கையில் கொடுத்தால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நாயின் இரத்தத்தில் வரும் ஓர் எண்ணைப் படித்து அதன் இதய நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும் கலையும் அதே வேலைதான். அந்த எண்ணைச் சரியாகப் படிக்க மனிதருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு ஆனது.

இன்னொரு காரணமும் உண்டு. பீடோங், செமிலிங், சுங்கைப்பட்டாணி, தஞ்சோங் டாவாய் வரைக்கும் நம்ம ஆட்கள் வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருப்பது புதுசு இல்லை. அது வயதாகி ராத்திரியில் இருமினால், "சளி பிடிச்சிருக்கு, தன்னால சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த இருமல் இதயத்திலிருந்தும் வரலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கட்டுரை நெடுகிலும் உலக நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும்போது அதே காலத்துக் கெடா நிகழ்ச்சி ஒன்றையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆண்டுகளை நினைவில் நிறுத்த அது உதவும்.

1. வால்வு என்பது ஒரு மதகு

தஞ்சோங் டாவாய் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. எதிர்க்கரை பந்தாய் மெர்டேக்கா. அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீரேற்றத்தின்போது கடல் ஆற்றுக்குள் ஏறும், வடியும்போது ஆறு கடலுக்குள் இறங்கும். ஆற்றுக்கு இது பரவாயில்லை. நெல் வயலுக்கு இது ஆகாது; உப்புத் தண்ணீர் ஏறினால் பயிர் போச்சு. அதனால்தான் கெடாவின் கடலோரச் சமவெளியில் வடிகால் வாய்களில் மதகுகள் வைத்திருக்கிறார்கள். வயல் தண்ணீர் வெளியே போகலாம், கடல் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு, அவ்வளவுதான்.

நாயின் இதயத்திலும் நம் இதயத்திலும் இப்படி நான்கு மதகுகள் உண்டு. அவற்றில் அதிகம் பழுதாவது இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஈரிதழ் வால்வு. வயதாக வயதாக, முக்கியமாகச் சிறிய இன நாய்களில், அந்த இதழ்கள் தடித்து, ஓரங்களில் முடிச்சு விழுந்து, சரியாக மூடாமல் போகின்றன. கீழறை சுருங்கும்போது உடம்புக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு பின்னால் மேலறைக்கே திரும்புகிறது.

முதலில் இதயம் சமாளிக்கும். மேலறை விரியும், கீழறையும் விரியும். ஆண்டுக் கணக்கில் நாய் ஓடும், சாப்பிடும், வாலாட்டும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் அழுத்தம் நுரையீரல் பக்கம் ஏறி, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. மூச்சு வேகமாகிறது, படுக்க முடியவில்லை. இதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம். வட அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்கள் பார்க்கும் நாய் இதய நோய்களில் ஏறக்குறைய 75 விழுக்காடு இந்த ஒரே நோய்தான் என்று மதிப்பிடப்படுகிறது.

நம் கேள்வி இதுதான்: மதகு ஒழுகுகிறது என்று தெரிந்தாலும், எவ்வளவு ஒழுகுகிறது, இதயம் எவ்வளவு திணறுகிறது என்பதை வெளியே நின்று எப்படி அளப்பது?

2. கண்ணும் காதும்: 1628, 1816

1619இல் அச்சேயின் சுல்தான் இஸ்கந்தார் மூடா கெடாவைத் தாக்கினார். நம் பாடநூலில் வரும் செய்தி. அதற்கு 9 ஆண்டுகள் கழித்து, 1628இல், வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் இதயத்தின் இயக்கத்தைப் பற்றி இலத்தீனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இரத்தம் ஒரே திசையில் வட்டமாகச் சுற்றுகிறது என்பது அதன் செய்தி. நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றி வருவதை 13ஆம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் எழுதியிருந்தார் என்பதையும் மாணவர்கள் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஹார்வி உடம்பு முழுவதற்குமான சுற்றோட்டத்தை நிறுவினார். எப்படி? உயிருள்ள விலங்குகளின் நெஞ்சைத் திறந்து இதயம் துடிப்பதைக் கண்ணால் பார்த்துத்தான். அவற்றில் நாய்களும் உண்டு. அன்றைக்கு மயக்க மருந்து கிடையாது. இதைப் படிக்கும்போது மனசு கஷ்டப்படும். ஆனாலும் மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி இது.

அடுத்த படி காது. 1821இல் சயாம் கெடாவைத் தாக்கி, சுல்தான் பினாங்குக்குத் தப்பிப்போனார் அல்லவா? அதற்கு 5 ஆண்டுகள் முன்பு, 1816இல், பாரிஸ் நகரத்தில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். இதயத்தை அறிய இனி உடலைத் திறக்க வேண்டியதில்லை. ஒழுகும் வால்வு ஒரு சத்தம் போடும். அதை இதய முணுமுணுப்பு என்கிறோம்.

1933இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் சாமுவேல் லெவினும் அவருடைய சக ஆய்வாளர் ஃபிரீமனும் இந்த முணுமுணுப்பின் உரப்பை 1 முதல் 6 வரை தரம் பிரித்தார்கள். இன்றைக்குக் கால்நடை மருத்துவரும் அதே ஆறு படிகளைத்தான் நாய்க்கும் பயன்படுத்துகிறார். சிறிய நாய்களில் சத்தம் கூடுவது பெரும்பாலும் ஒழுக்கு கூடுவதைக் காட்டும். ஆனால் கேட்பவரின் காதைப் பொறுத்தது, அறையின் சத்தத்தைப் பொறுத்தது. ஒரே நாய்க்கு ஒரு மருத்துவர் 3 என்பார், இன்னொருவர் 4 என்பார். சாட்சி நல்ல சாட்சிதான், துல்லியம் போதாது.

3. 1909: ஜிம்மி உப்புத் தண்ணீரில் நின்றது

1909 என்றதும் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு உடனே பாங்காக் ஒப்பந்தம் ஞாபகம் வர வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 10ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தத்தால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் பக்கம் போயின.

அதே 1909இல் லண்டனில் ஒரு புல்டாக் நாய் புகழ்பெற்றது. அதன் பெயர் ஜிம்மி. எஜமானர் அகஸ்டஸ் வாலர் என்ற உடலியல் அறிஞர். 1887இல் மனித இதயத்தின் மின்துடிப்பை உடலுக்கு வெளியிலிருந்தே முதன்முதலில் பதிவு செய்தவர் இவர். ஜிம்மியின் கால்களை உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணங்களில் நிற்க வைத்து, கம்பியால் கருவியோடு இணைத்து, அதன் இதயத் துடிப்பை அறிஞர் கூட்டத்தின் முன் காட்டினார். இது விலங்கு வதை இல்லையா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கிண்ணத்தில் இருப்பது உப்புப் போட்ட தண்ணீர் என்றும், நாய்க்கு அதனால் துன்பம் இல்லை என்றும் உள்துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நாயின் பெயர் வரலாற்றில் பதிவாவது அபூர்வம். தமிழ் மண்ணில் அதற்கும் மிகப் பழைய சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலம், அதாவது 7ஆம் நூற்றாண்டு. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து சொல்கிறது. கோவிவனுக்குக் கல் கிடைத்தது, ஜிம்மிக்கு நாடாளுமன்றக் குறிப்பு கிடைத்தது. அடுத்து நாம் பார்க்கப்போகும் நாய்களுக்குப் பெயரே பதிவாகவில்லை.

4. நாய்க்கும் இந்த நோய் உண்டு

ஒரு முரண் பாருங்கள். இதயத்தைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி நாயிடமிருந்து வந்தது. ஆனால் நாயின் இதய நோயை நாய்க்காகப் படிப்பது மிகவும் பிந்தித்தான் தொடங்கியது. கால்நடை மருத்துவம் முதலில் குதிரைக்கும் மாட்டுக்கும் பிறந்தது. பிரான்சின் லியோன் நகரில் 1761இல் தொடங்கிய கால்நடைப் பள்ளியும் அப்படித்தான். போருக்குக் குதிரை, உழவுக்கு மாடு. இவற்றுக்கு வந்த நோய்தான் அரசாங்கத்துக்குக் கவலை. நம்ம சென்னையில், வேப்பேரியில், மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 1936இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பை அங்கே தொடங்கினார்கள்.

நாய் இதயத்தை முறையாகக் கணக்கெடுத்தவர் டேவிட் டெட்வெய்லர். 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் மருத்துவமனைக்கு வந்த நாய்களை வரிசையாகச் சோதித்தார்கள். வயதான நாய்களில் வால்வு நோய் பரவலாக இருப்பது அப்போது தெளிவானது. பிறகு 1995இல் ஜேம்ஸ் புக்கானனும் சக ஆய்வாளரும் ஓர் எளிய அளவுகோலைச் சொன்னார்கள். எக்ஸ்ரே படத்தில் நாயின் இதயத்தை அளந்து, அந்த நீளம் அதே நாயின் எத்தனை முதுகெலும்புத் துண்டுகளுக்குச் சமம் என்று எண்ணுவது. சராசரி ஏறக்குறைய 9.7. சின்ன நாய்க்கு எலும்பும் சின்னது, பெரிய நாய்க்கு எலும்பும் பெரியது. அதனால் ஒவ்வொரு நாயும் தனக்குத் தானே அளவுகோல். கணித ஆசிரியர்கள் விகிதம் நடத்தும்போது எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

5. இரத்தம் பேச ஆரம்பித்தது: 1956, 1981, 1988

1956 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கெடா இளவரசர் துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனில் விடுதலைப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். அதே 1956இல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கண்டுபிடிப்புகள் வெளிவந்தன.

முதலாவது, புரூனோ கிஷ் என்பவர் மின்னணு நுண்ணோக்கியில் கினிப்பன்றியின் இதய மேலறைத் திசுவைப் பார்த்தார். உள்ளே குருணை குருணையாக ஏதோ இருந்தது. தசைக்குள் இது எதற்கு? பதில் இல்லை.

இரண்டாவது, ஹென்றி, காவர், ரீவ்ஸ் ஆகிய மூவர் மயக்க நிலையில் இருந்த நாயின் இடது மேலறைக்குள் ஒரு சிறு பலூனை விரித்துப் பார்த்தார்கள். மேலறை விரிந்ததும் நாய்க்குச் சிறுநீர் அதிகமாகச் சுரந்தது. இதயம் விரிந்தால் சிறுநீரகத்துக்கு எப்படித் தெரிகிறது? நரம்பு வழியாகச் செய்தி போகிறது என்று விளக்கினார்கள். அது விளக்கத்தின் ஒரு பாதிதான்.

மற்ற பாதி கிடைக்க 25 ஆண்டுகள் ஆயின. 1981 ஜூலையில் அலோர் ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீர் பிரதமரானார். அதே ஆண்டு, அர்ஜெண்டினாவில் பிறந்து கனடாவின் கிங்ஸ்டன் நகரில் வேலை செய்த அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைச் சாற்றை இன்னொரு எலிக்கு ஊசியில் ஏற்றினார். அந்த எலியின் சிறுநீரில் உப்பும் தண்ணீரும் சட்டென்று பல மடங்கு வெளியேறின. கிஷ் பார்த்த குருணைகள் ஒரு ஹார்மோனின் சேமிப்புக் கிடங்கு என்று இப்படித்தான் தெரிந்தது. இதயம் இரத்தத்தைத் தள்ளும் பம்பு மட்டும் அல்ல, செய்தி அனுப்பும் சுரப்பியும்கூட.

உப்பு ஏன் முக்கியம்? தஞ்சோங் டாவாயில் கருவாடு போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. உப்பைத் தடவினால் மீனிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. உப்பு எங்கேயோ தண்ணீர் அங்கே. உடம்பிலும் அதே கதை. விரிந்து திணறும் இதயம், "உப்பை வெளியே தள்ளு, தண்ணி தன்னால போகும், என் சுமை குறையும்" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. அந்தச் செய்தியைச் சுமந்து போகிறவைதான் இந்த ஹார்மோன்கள்.

1988இல் ஜப்பானின் மியாசாக்கி நகரில் சுடோ, காங்காவா, மட்சுவோ குழுவினர் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹார்மோனைப் பன்றியின் மூளையில் கண்டுபிடித்தார்கள். மூளையில் கிடைத்ததால் அதன் பெயரிலேயே மூளை சேர்ந்துகொண்டது. சுருக்கப் பெயர் பி.என்.பி. ஆனால் அது அதிகம் சுரப்பது இதயத்தில்தான் என்று விரைவிலேயே தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இடத்தின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதுதான் பிறப்பிடம் என்று முடிவு கட்டக்கூடாது. ஊர்ப்பெயர் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

1989இல் நாயின் பி.என்.பி. மரபணு அமைப்பும் வெளியானது. அது மனிதருடையதிலிருந்து நிறைய வேறுபட்டது. ஆகவே மனிதருக்கான சோதனைப் பொருளை வைத்து நாயை அளக்க முடியாது. இந்த ஹார்மோன் உருவாகும்போது அதனோடு பிரிந்து வெளியே வரும் ஒரு துண்டு இரத்தத்தில் இன்னும் சற்று நீண்ட நேரம் தங்குகிறது. என்.டி. புரோபி.என்.பி. என்பது அதன் பெயர். நாய்க்கென்றே அதை அளக்கும் சோதனை 2000களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது.

இன்னொரு சாட்சியும் உண்டு: ட்ரோபோனின். 1960களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி கண்டுபிடித்த தசைப் புரதம். இதயத் தசை அணு சேதமானால் இது இரத்தத்தில் கசியும். பி.என்.பி. சொல்வது "நான் விரிகிறேன்" என்று. ட்ரோபோனின் சொல்வது "நான் சேதமாகிறேன்" என்று. இரண்டும் வேறு வேறு வாக்குமூலம்.

6. எண்ணை எப்படிப் படிப்பது?

வால்வு நோய் முற்ற முற்ற இந்த எண்கள் ஏறுகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. அப்படியானால் எண்ணைப் பார்த்தே நோயின் படியைச் சொல்லிவிடலாமா? முடியாது. ஏன் என்பதை ஆசிரியர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஐந்தாம் படிவத்தின் சராசரி மதிப்பெண் நான்காம் படிவத்தைவிட உயர்வாக இருக்கிறது என்று வையுங்கள். 62 மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவரைக் காட்டி, இவர் எந்தப் படிவம் என்று கேட்டால் சொல்ல முடியுமா? இரண்டு வகுப்பிலும் 62 வாங்கியவர்கள் இருப்பார்கள். கூட்டத்துக்கு உண்மையானது தனி ஆளுக்கு அப்படியே பொருந்தாது.

என்.டி. புரோபி.என்.பி. அளவுக்குப் பரவலாகப் பயன்படும் வழிகாட்டி ஒன்று இருக்கிறது. மூச்சுத் திணறலோ இருமலோ உள்ள நாய்க்கு லிட்டருக்கு 900 பிக்கோமோலுக்குக் கீழே இருந்தால், காரணம் இதயமாக இருக்க வாய்ப்புக் குறைவு. 1800க்கு மேலே போனால் இதயத்தின் மீது சந்தேகம் வலுக்கும். நடுவில் இருப்பது சாம்பல் நிறப் பகுதி. ஓர் எண் வந்ததும் ஆதார ஆய்வில் நாம் கேட்கும் அதே நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

யாருடைய எண்? இனத்துக்கு இனம் இயல்பு அளவு மாறும். லாப்ரடார் போன்ற சில இனங்களில் நல்ல ஆரோக்கியமான நாய்க்கே அளவு சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

எப்போது எடுத்த எண்? ஒரே ஆரோக்கியமான நாயிடம் வாரத்துக்கு வாரம் எடுத்தாலே அளவு ஏறி இறங்கும். ஒருமுறை எடுத்ததைவிட, தொடர்ந்து எடுத்த வரிசை பெறுமதி மிக்கது.

வேறு எது அதை உயர்த்தியிருக்கும்? சிறுநீரகம் பழுதான நாய்க்கும் அளவு ஏறும். வயதான நாய்க்கு இதயமும் சிறுநீரகமும் சேர்ந்தே தளரலாம். ட்ரோபோனினும் வயதோடு ஏறுகிறது.

மற்ற ஆதாரம் ஒத்துப்போகிறதா? முணுமுணுப்பு, எக்ஸ்ரே, இதய ஸ்கேன் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்காமல் தீர்ப்பு இல்லை.

7. மருந்தை எப்போது தொடங்குவது?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. 2009இல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் நிபுணர்கள் வால்வு நோயைப் படிகளாகப் பிரித்தார்கள். ஏ படி: நோய் இல்லை, ஆனால் வரக்கூடிய இனம். பி1: வால்வு ஒழுகுகிறது, இதயம் குறிப்பிடும்படி பெருக்கவில்லை. பி2: இதயம் பெருத்துவிட்டது, ஆனாலும் நாய் நன்றாகத்தான் தெரிகிறது. சி: செயலிழப்பு வந்துவிட்டது. டி: வழக்கமான மருந்துக்கு அடங்காத நிலை.

பி1, பி2 இரண்டிலும் நாயைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அந்தக் கோட்டுக்கு உயிர் கொடுத்தது. 11 நாடுகளில் 360 நாய்கள். எல்லாம் பி2 நிலையில் இருந்தவை. ஒரு பாதிக்கு பிமோபெண்டான் என்ற மருந்து, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை பெற்றவற்றில் செயலிழப்போ இதயச் சாவோ வருவதற்கான இடைநிலைக் காலம் 766 நாள். மருந்து பெற்றவற்றில் 1228 நாள். ஏறக்குறைய 15 மாதம் கூடுதல். ஒரு நாயின் ஆயுளில் 15 மாதம் சின்ன விஷயம் இல்லை. 2019இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில், பி2 நாய்க்கு இந்த மருந்தைப் பரிந்துரைத்தார்கள். பி1 நாய்க்கு மருந்து தேவையில்லை என்றார்கள்.

அந்த பி2 கோட்டைத் தீர்மானிப்பது இரத்த எண் அல்ல, இதய ஸ்கேன். ஸ்கேன் வசதி பக்கத்தில் இல்லாத இடத்தில்தான் இரத்த எண்ணும் எக்ஸ்ரேயும் பெரிய துணை. "இந்த நாயை ஸ்கேனுக்கு அனுப்பியே ஆகணும்" என்று சொல்ல அவை உதவும்.

8. கெடாவின் நிலை

இரத்தத்தைச் சாட்சியாகப் பார்ப்பது நம் பெரியவர்களுக்குப் பழகிய ஒன்று. தோட்டத்து மருத்துவமனையில் டிரெசர் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார். யானைக்கால் நோய்க்கு இரவில் இரத்தம் எடுப்பார்கள். அதன் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் உலவும். 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் மனித இரத்தத்தில் அந்த நுண்புழுவைக் கண்டார். 1877இல் சீனாவின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன் கொசுவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் கண்டார்.

நாய்க்கும் இதே குடும்பத்துப் புழு ஒன்று உண்டு: இதயப்புழு. இதுவும் கொசுக்கடியால் வருவது. நம் வெப்ப நாட்டில் இருமும் நாய்க்கு வால்வு நோயா, இதயப்புழுவா, வெறும் மூச்சுக்குழல் கோளாறா என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். இதயப்புழுவுக்கு வேறு ஓர் இரத்தச் சோதனை. சில நிமிடத்தில் விடை வரும். ஒவ்வொரு சோதனையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் விடை சொல்லும்.

அரசாங்க ஆவணங்களில் கெடா நாய் வருவது பெரும்பாலும் வெறிநாய்க்கடி நோயை ஒட்டித்தான். 1950களிலிருந்தே தாய்லாந்து எல்லையோரம் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு காப்பு வளையம் வைத்திருந்தார்கள். 2015இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. மனிதருக்கு ஆபத்து என்றால் நாயின் பெயர் கோப்பில் ஏறும். நாய்க்கே வரும் வால்வு நோய் யாருக்கும் தொற்றாது. அதனால் அது எந்தக் கோப்பிலும் ஏறாது. வீட்டுக்காரர் கவனித்தால்தான் உண்டு. புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை சேர்டாங்கில் இருக்கிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எல்லோராலும் போக முடியாது.

9. காசில்லாத ஒரு சோதனை

நாய் நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் சத்தமில்லாமல் உட்காருங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். ஆரோக்கியமான நாய் தூங்கும்போது 30க்குக் கீழேதான் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை எண்ணி, தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். 18, 20, 19 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 30ஐத் தாண்டி, மறுபடி எண்ணினாலும் குறையவில்லை என்றால், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள். மருத்துவருக்கு அது உதவும். நாமாக மருந்து வாங்கிக் கொடுக்கக்கூடாது. மனிதருக்கான மாத்திரையையும் உடைத்துப் போடக்கூடாது.

மாணவர்களே, அந்த நோட்டு ஒரு முதன்மை ஆதாரம். நீங்கள் நேரில் பார்த்தது, தேதி போட்டது, வரிசையாக இருப்பது. ஹார்விக்கு நெஞ்சைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. 1956இல் பெயர் தெரியாத ஒரு நாயின் இதயத்துக்குள் பலூன் போனது. அவற்றால் கிடைத்த அறிவு இன்றைக்கு உங்கள் வாசலில் தூங்கும் நாய்க்கு 15 மாதம் கூடுதலாகத் தர முடியும் என்றால், அதை அந்த நாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு.

காலக்கோடு (மீள்பார்வைக்கு)

- 1619: அச்சே கெடாவைத் தாக்கியது. 1628: ஹார்வியின் நூல்.
- 1816: ஸ்டெதஸ்கோப். 1821: சயாம் கெடாவைத் தாக்கியது.
- 1909: பாங்காக் ஒப்பந்தம், லண்டனில் ஜிம்மி.
- 1936: மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டப்படிப்பு.
- 1956: துங்குவின் லண்டன் பேச்சுவார்த்தை; கிஷ்ஷின் குருணைகள், நாய் இதயத்தில் பலூன்.
- 1981: டாக்டர் மகாதீர் பிரதமர், டி போல்ட்டின் கண்டுபிடிப்பு.
- 1988: பி.என்.பி.
- 2009, 2019: நோய்ப் படிகள் வகுப்பும் திருத்தமும். 2016: 360 நாய்களின் ஆய்வு.

சிந்தனை வினாக்கள்

1. பி.என்.பி. என்ற பெயரில் மூளை ஏன் இடம்பெற்றது? அது ஏன் தவறான எண்ணத்தைத் தரலாம்?
2. "ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவு செய்யக்கூடாது." நாயின் இரத்தச் சோதனையையும் ஒரு கல்வெட்டுச் சான்றையும் ஒப்பிட்டு இக்கூற்றை விளக்குக.
3. கோவிவன், ஜிம்மி ஆகிய பெயர்கள் பதிவாகி, 1956ஆம் ஆண்டு நாயின் பெயர் பதிவாகாமல் போனதற்கான காரணங்களை ஆராய்க.
4. கால்நடை மருத்துவம் முதலில் குதிரைக்கும் மாட்டுக்கும் வளர்ந்ததன் பொருளாதாரக் காரணங்களை எழுதுக.

ஆசிரியர்கள் மூன்றாம் வினாவைக் குழு விவாதமாக நடத்தலாம். அதற்கு ஒரே விடை என்று எதுவும் இல்லை; ஆதாரத்தோடு பேசும் மாணவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.